வேன் வந்தாச்சு

படத்தின் ஓரமெல்லாம் நீர் வழிந்திருந்தது. முடிச்சூரில் மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது.

நித்யஸ்ரீ விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். போன வாரம் எடுத்தது. பள்ளி வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகள் அபார்ட்மெண்ட் கேட் முன்னால் நிற்கிறார்கள். வெயில் கூசி, அவள் மகள் ஸ்நேகா ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். ஆனால் நனைந்த கண்ணாடி வழியாக எடுத்ததைப் போல, சுற்றிலும் எல்லாம் கலங்கி, நெளிந்து, பச்சையாகத் தெரிந்தது. கீழே, 'எல்லாரும் இறங்கியாச்சு. நான் பார்த்துக்கறேன்' என்று இருந்தது. அனுப்பியவள் கிருபா அம்மா.

'வேன் வந்தாச்சு' என்ற அந்த வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தவளே நித்யஸ்ரீதான். அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. வேன் வரும் நேரம் பார்த்து ஆபீஸ் மீட்டிங்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் குழுவில் சேரும் லிங்கைத் தெருவிலுள்ள அபார்ட்மெண்ட்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தாள். கேட்டில் யார் நிற்கிறாளோ அவள் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கி ஒரு படம் போட வேண்டும். படங்கள் தாமாகவே பொது ஆல்பத்தில் போய்ச் சேரும். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பிரணவ் அம்மா, பிளஸ்ஸி அம்மா, ஸ்நேகா அம்மா. கிருபா அம்மாவும் அப்படித்தான் வந்தாள். யாராலும் இறங்கிப் போக முடியாத நாளிலெல்லாம் அவள் கேட்டில் இருந்தாள். போன மாதம் நித்யஸ்ரீயே அவளையும் அட்மின் ஆக்கிவிட்டாள்.

"இன்னாமா, வூட்ல ஒரே சேத்து நாத்தம் அடிக்குது?" சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பச்சையம்மா குரல் கொடுத்தாள்.

"எதிர்ல இருக்கற காலி மனையிலேர்ந்து வருதோ என்னவோ."

"அது காஞ்சி கெடக்குதே. அங்க ஒரு வூடு இருந்துச்சு, வெள்ளத்துல பூட்ச்சி. அம்மாக்காரி பொண்ணத் தேடிக்கினே தண்ணிக்குள்ள எறங்குனா. அவ்ளோதான், ரெண்டும் கெடைக்கல." கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "கதவ சாத்திக்கோ, நான் வர்றேன்."

நித்யஸ்ரீ கதவைச் சாத்திவிட்டு ஆல்பத்தைத் திறந்தாள். கிருபா அம்மா எடுத்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். முதல் படம் தூரத்திலிருந்து, எதிர் மனையின் கோரைப்புல்லுக்கு நடுவிலிருந்து எடுத்தது. அடுத்தது தெருவில் நின்று. பிறகு கேட். பிறகு மாடிப்படி. போகப் போகப் படத்தில் மற்ற பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

கடைசிப் படம் நேற்று சாயங்காலம் ஏறியிருந்தது. ஸ்நேகா சாப்பாட்டு மேஜையில் தோசை தின்றுகொண்டிருந்தாள்.

சமையலறைப் பக்கமிருந்து எடுத்திருந்தது.

அந்த நேரம் நித்யஸ்ரீ உள்ளறையில், காதில் ஹெட்போனோடு இருந்தாள்.

அவள் பிரணவ் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"கிருபா அம்மா உங்க பிளாக்தானே?"

"எங்க பிளாக்கா? உங்க பிளாக்குன்னுன்னா நெனச்சிண்டிருக்கேன்!"

"நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்லை. ஆனா நல்லவ. கோலம் போட்டு ஸ்டேட்டஸ் வெச்சா மொதல் ஹார்ட் அவளோடதுதான். எங்காத்துக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை."

"உங்க பேர் என்ன?"

"காமு. மூணு வருஷம் கழிச்சுக் கேக்கறேள் பாருங்கோ!"

"காமு, கிருபான்னு வேன்ல ஒரு குழந்தை வருதா?"

சிரிப்பு நின்றது. "இருங்கோ. பிரணவுக்கு இன்னிக்கு ஜுரம், ஆத்துலதான் இருக்கான்." அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. ஃபேன் சுற்றும் சத்தம். காமு திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "அப்படி யாரும் கிடையாதாம். ஆனா... அந்த ஆன்ட்டி ஸ்நேகாவைத்தான் கிருபான்னு கூப்பிடுவாளாம்."

நித்யஸ்ரீ போனை வைத்தாள். சேற்று வாடை இப்போது அறைக்குள்ளேயே இருந்தது. கிருபா அம்மாவை நீக்கிவிட வேண்டும். முதலில் அதைச் செய்ய வேண்டும். குழுவின் உறுப்பினர் வரிசையைத் திறந்தாள். மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே.

கிருபா அம்மா இல்லை.

ஸ்நேகா அம்மா இரண்டு பேர் இருந்தார்கள்.

திரை ஒருமுறை அதிர்ந்தது. 'ஸ்நேகா அம்மா உங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.'

கீழே வேனின் ஹாரன்.

ஓடினாள். செருப்பில்லை. படியெல்லாம் ஈரம். ஒரு திருப்பத்தில் வழுக்கிச் சுவரைப் பிடித்தாள். சுவரும் ஈரம்.

கேட்டில் பிளஸ்ஸியின் கையைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். வேன் கிளம்பிவிட்டது.

"ஸ்நேகா எங்க?"

"அவங்க அம்மா இப்பதான் கூட்டிட்டுப் போனாங்க." அந்தப் பெண் சந்தேகத்தோடு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிளஸ்ஸியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்க யாரு சிஸ்டர்? உங்கள நான் பார்த்ததே இல்லையே?"

 அந்த முகத்தை நித்யஸ்ரீயும் பார்த்ததில்லை.

தெருவுக்கு அந்தப் பக்கம், நல்ல வெயிலில், கோரைப்புல் விலகியது. முதுகில் பள்ளிப் பையோடு ஸ்நேகா நடந்துகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் புடவை சொட்டச் சொட்ட ஒருத்தி.

"ஸ்நேகா!"

குழந்தை திரும்பிப் பார்த்தது. ஒரு கண்ணை மூடி, வெயிலுக்குக் கூசி. பிறகு பக்கத்தில் நின்றவளை அண்ணாந்து பார்த்தது.

"யாரும்மா அந்த ஆன்ட்டி?"

ஊறி வெளுத்த ஒரு கை, மெல்ல, அந்த முகத்தைத் திருப்பியது.

இருவரும் நடந்தார்கள். குழந்தையின் சாக்ஸ் மறைந்தது. முட்டி மறைந்தது. இடுப்பு. நித்யஸ்ரீ அலறிக்கொண்டு ஓடினாள். புல்லை இரண்டு கையாலும் விலக்கினாள். காலடியில் புழுதி. வெடித்த மண். ஒரு சொட்டு நீர் இல்லை.

அந்தக் காய்ந்த மண்ணின் மேல், ஸ்நேகாவின் பள்ளிப் பை மெதுவாகச் சுழன்று சுழன்று மிதந்துகொண்டிருந்தது.