சுவருக்குள் அழுதவள்

"யாருங்க அங்கே...?"

காதில் இருந்த ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் போட்டாள் அவள். குரல் நிற்கவில்லை.

"யாருங்க அங்கே...?"

அதே குரல்... இப்போது கதவுக்கு வெளியே!

கொட்டுகிற மழையில் பட்டப்பகலிலேயே அறைக்குள் இருட்டு கட்டியிருந்தது. துணைக்கு ஆளில்லை. எதிர் நாற்காலி பில்லிங் அக்கா, மழைக்குப் பயந்து சற்றுமுன்தான் கிளம்பிப் போயிருந்தாள்.

பாத அறுவை சிகிச்சை மட்டுமே நடக்கும் ஆஸ்பத்திரி அது. வெட்டியது, ஒட்டியது எல்லாவற்றையும் டாக்டர் ஆபரேஷன் நடக்கும்போதே பேசிப் பதிவு செய்து அனுப்புவார். அதைக் கேட்டு, இன்சூரன்ஸ்காரர்களுக்குப் புரிகிற 'கோடு' எண்களாக மாற்றுவது அவள் வேலை. ஒவ்வொரு கால்விரலுக்கும் தனிக் குறி. மயக்க மருந்துக்கு வேறு. இடதை வலதாக்கினால், போன பில் போன வேகத்தில் திரும்பி வரும்.

இந்தப் பதிவில் இடது பெருவிரல். புடைத்த எலும்பைச் சீவி, நிமிர்த்தி, இரண்டு திருகாணி. டாக்டர் எக்ஸ்ரே பார்க்க நகர்கிறார். அமைதி. பிறகு அந்த ஆண் குரல்...

"யாருங்க அங்கே...? அழாதீங்க... நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்..."

நோயாளியின் தாளிலோ 'முழு மயக்கம்' என்று இருந்தது.

"மயக்கத்துல கிடக்கிறவன் பேச மாட்டான். பேசினா அது பேய்டி" என்று அக்கா சிரித்திருந்தாள். "பேய்க்கு என்ன கோடு போடப் போறே?"

அவளால் சிரிக்க முடியவில்லை. அந்த ஆபரேஷன் நடந்த அன்று, இதே நாற்காலியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருந்தாள். அது யாருக்கும் தெரியாது. அந்தக் குரலுக்கு எப்படித் தெரியும்? பதிவைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான்...

டொக்... சர்ர்... டொக்... சர்ர்...

வெளியே ஒரு கால் நடந்தது. இன்னொரு கால் இழுபட்டது. நடுநடுவே சுவரை யாரோ தட்டினார்கள். தட்டல் நகர்ந்து நகர்ந்து... கதவு திறந்தது.

சொட்டச் சொட்ட நனைந்த ஓர் இளைஞன். இடது காலில் கட்டு. மழை வழியும் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கேற்றி வைத்தது போன்ற கண்கள்.

"நீங்க... உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கேட்டே விட்டாள்.

"அதைக் கேக்கத்தாங்க நானும் வந்தேன்..."

இருவரும் ஒருவரை ஒருவர் பயத்தோடு பார்த்துக்கொண்டார்கள். முதலில் சுதாரித்தவள் அவள்தான்.

"ஆபரேஷன் அப்போ முழிச்சிருந்தீங்களா?"

"தூங்க வெச்சா எந்திரிக்க மாட்டேனோன்னு பயந்து, டாக்டரம்மாகிட்ட கெஞ்சிக் கூத்தாடினேன். பாதம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டாங்க. ஏன்?"

"தாள்ல தப்பா எழுதியிருக்காங்க." மூச்சு திரும்பியது. "என் பேய் தீர்ந்தது."

"என் பேய் தீரலையே..." அவன் குரலைத் தாழ்த்தினான். "முகத்துக்கு முன்னாடி திரை. மெஷின் சத்தம் நின்னதும், சுவருக்குள்ள ஒரு பொண்ணு அழுதாங்க. நர்ஸ்கிட்ட சொன்னா, ஊசி நல்லா வேலை செய்யுதுன்னு சிரிக்கிறாங்க! நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. சுவருக்குள்ள சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு தேடுறதுதான் என் பொழப்பே."

அவன் பார்வை அவள் தலைக்கு மேலே ஏறியது. ஏசி காற்று வரும் கம்பிவலை... பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல் குளிர் இறங்கியது.

"அந்தக் குழாய் ஆபரேஷன் ரூம் வரைக்கும் போகுது... நீங்கதானா?"

"இல்லை." பட்டென்று சொன்னாள். "இங்கே நிறைய பேர் வேலை பாக்கிறாங்க."

அறையில் இருந்ததோ இரண்டே நாற்காலி. அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தையல் பிரிக்கிற ரூமுக்கு வழி காட்டுறீங்களா?"

அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்தாள். எழுந்தால் தெரிந்துவிடும். சின்ன வயது விபத்தில் குட்டையாகிப்போன வலது கால். கல்யாணம் பேசி முடித்தவன் அன்று போனில் சொன்னானே... 'நீ நடந்து வர்றதை நாலு பேர் பாப்பாங்க, அம்மா சங்கடப்படுறாங்க' என்று. அதே சங்கடத்தில் இன்னொரு முகம் சுருங்குவதை அவள் பார்க்க வேண்டாம்.

"நேரா போய், வலது பக்கம்."

டொக்... சர்ர்... தேய்ந்து மறைந்தது. மழை மட்டும் மிச்சம்.

கால்மணி நேரம் போயிருக்கும். திடீரென்று, கம்பிவலைக்குள்ளிருந்து...

"பேயம்மா... கேக்குதா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இந்த ரூமுக்கும் அதே குழாய்தாங்க வருது. தையல் பிரிச்சிட்டாங்க. இனிமே இந்தப் பக்கம் வர வேண்டாமாம். உங்க அழுகைக்கு அன்னைக்கு யாருமே பதில் சொல்லலையேன்னுதான் எனக்குத் தூக்கமே வரலை... வர்றேங்க."

இங்கிருந்தே பதில் சொல்லிவிடலாம். முகம் தெரியாது, கால் தெரியாது... காலமெல்லாம் சுவருக்குள் பேயாகவே இருந்துவிடலாம்.

அவள் எழுந்தாள்.

தாழ்வாரத்தில் விளக்கு நடுங்கியது. தூரத்தில் அவன் முதுகு. டொக்... சர்ர்... பின்னாலேயே, டக்... தொம்... டக்... தொம்...

அவன் நின்றான். நடை நின்ற பிறகும் அந்த எதிரொலி நிற்கவில்லை. மெல்லத் திரும்பினான்.

"நான்தான் அழுதேன்." மூச்சிரைத்தது அவளுக்கு. "இந்த நடையாலதான் கல்யாணம் நின்னுபோச்சு... உங்களுக்குச் சரியாயிடும். எனக்கு ஆகாது."

அவன் அவள் காலைப் பார்த்தான். ஒளித்துப் பார்க்கவில்லை, நன்றாகவே பார்த்தான். பிறகு கண்களை. முகம் சுருங்கவில்லை.

"அப்போ மெதுவா நடக்க நான்தான் பழகிக்கணும்."

"விளையாடாதீங்க..."

"பேயா இருந்தாலும் பரவாயில்லை, அவங்களைத்தான் கட்டிப்பேன்னு வீட்டுல சொல்லிட்டேங்க. பேயைக் கூட்டிட்டு வந்தா உள்ளே விடமாட்டேன்னு அம்மா ஒரே சத்தம்." அவன் ஓர் அடி முன்னால் வந்தான். "உயிரோட இருக்கிற பொண்ணுதாம்மான்னு... போய்ச் சொல்லட்டுமா?"

மழை ஒரு நொடி நின்றதுபோல் இருந்தது.

"நீங்க மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள் அவள். "நானும் வந்தே சொல்றேன்."

டொக்... சர்ர்... டக்... தொம்... அவனுக்கு இடது, அவளுக்கு வலது. இரண்டு நடையும் சேர்ந்தே தாழ்வாரத்தைக் கடந்தன.

இருண்ட அறையில், மேசையில் கிடந்த ஹெட்போன் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே இருந்தது... "யாருங்க அங்கே...?"

பதில் சொல்ல, அங்கே யாரும் இல்லை.