அம்மாவுக்குச் சூடு ஆகாது

வரும் திங்கட்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எலைன் ஒரு மஞ்சள் பந்தைச் சூரியனாக்கியிருந்தாள். அதன் மேல் கம்பிகளை வில் வில்லாக வளைத்துக் குத்திச் சிவப்புத் தாள் சுற்றியிருந்தாள். ஆறாம் வகுப்பிலேயே அவள் எடுத்த தலைப்புதான் கடினமானது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு!

அன்று சனிக்கிழமை. அப்பா பர்னபாஸ் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தார். கண்காட்சியில் சொல்லப்போவதைப் பேசிப் பார்க்க ஆள் வேண்டுமே! ஆறு வயதுத் தம்பி வின்னியைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இன்னாக்கா, நான் விளையாடப் போறேன்."

"அஞ்சே நிமிஷம்டா. நீதான் ஜட்ஜ்."

ஜட்ஜ் என்றதும் வின்னி நிமிர்ந்து உட்கார்ந்தான். எலைன் செய்தி வாசிப்பவரைப் போல் தொண்டையைச் செருமினாள்.

"வணக்கம். சூரியனின் மேற்பரப்பு சுமார் ஐயாயிரத்து ஐந்நூறு டிகிரி சூடு. ஆனால் அதற்கு மேலே, வெகு உயரத்தில் இருக்கும் வளிமண்டலம் பத்து லட்சம் டிகிரிக்கும் மேல்!"

"மேல போனா சூடு குறையாதா?"

"ஜட்ஜ் நடுவுல பேசக் கூடாது. அங்கே இருப்பது பிளாஸ்மா. அதாவது, கடும் சூட்டில் மின்னேற்றம் பெற்ற வாயு. சூரியனின் காந்தப் புலம் முறுக்கிக்கொண்டே போய், திடீரென்று அறுந்து வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும். அந்த வெடிப்புதான் சூரியச் சுடர். அப்போது பிளாஸ்மா ஒரு கோடி டிகிரிக்கு மேல் கொதித்து, இந்த வளைவுகள் வழியாக மேலே பாயும். பிறகு ஆறி, மழை போல இறங்கும். சில சமயம் பெரும் மேகமாகப் பிய்த்துக்கொண்டு வெளியேயும் போய்விடும். நன்றி!"

கைதட்டல் வரவில்லை. வின்னியின் உதடு நடுங்கியது.

"அப்போ அம்மா?"

எலைனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அம்மா ஐடா காய்ச்சலில் இறந்துபோனார். கடைசி நாட்களில் அம்மாவுக்கு உடம்பெல்லாம் நெருப்பாகக் கொதித்தது. "சூடு தாங்கலடா கண்ணு" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

அடக்கத்தன்று பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது வின்னி கத்தின கத்தல் அந்தக் கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்டது. "கீழ வைக்காதீங்க! கீழ சூடு! அம்மாக்கு ஆகாது!"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் வசித்த ஸ்கெலட்டன் சுரங்கக் குடியிருப்பில் எந்த வீட்டுப் பிள்ளையும் எழுத்துப் படிக்கும் முன்பே தங்கச் சுரங்கத்தின் சூட்டைப் பற்றிக் கேட்டுவிடும். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்க இறங்கப் பாறையே சுடுமாம், சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டுமாம். அவர்கள் தாத்தாவும் அப்படிச் சுரங்கத்தில் இறங்கியவர்தான்.

அன்றைக்குப் பெரியவர்கள் எல்லாரும் அவனைப் பிடித்து இழுப்பதிலேயே இருந்தார்கள். எலைன்தான் தம்பியைக் கட்டிக்கொண்டு, "அம்மா கீழ இல்லடா. மேல போய்ட்டாங்க, சூரியன் கிட்ட. மேல சில்லுனு இருக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து வின்னி தினமும் காலையில் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் கையசைப்பான். இப்போது அந்த வானத்தில்தான் ஒரு கோடி டிகிரி!

"அம்மா அங்க எரியறாங்களாக்கா?" வின்னி தேம்பினான்.

'இதெல்லாம் சும்மாடா' என்று சொல்லிவிடலாம். ஆனால் இவனுக்கு இன்னொரு பொய் சொன்னால், அதுவும் ஒருநாள் உடையும். பாவம், எத்தனை தடவைதான் பயப்படுவான்?

"வின்னி, அம்மா சூரியன் கிட்ட இல்லடா. நீ அழுதேன்னு நான் சும்மா சொன்னேன். தப்புதான்."

"அப்ப கீழயா இருக்காங்க? கீழயும் சூடுதானே!" அவன் இன்னும் பெரிதாக அழுதான்.

எலைன் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவளுக்கும் அழுகை முட்டியது. ஆனாலும் யோசித்தாள்.

"தாத்தா இன்னாத்துல கீழ போனாரு?"

"கேஜ்ல."

"அம்மாவை கேஜ்லயா இறக்குனாங்க?"

வின்னி மூக்கை உறிஞ்சினான். "இல்ல. கயித்துல. நாலு பேரு."

"அந்தக் கயிறு எம்மாம் நீளம்?"

அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். பிறகு கொஞ்சம் யோசித்து, ஓரடி நகர்ந்து மறுபடி விரித்தான்.

"சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் மேல ஆழம்டா. சூடு அங்கதான். வா, போய்ப் பார்க்கலாம்."

பக்கத்து வீட்டு ஷைலா ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். எலைன் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மாவின் சிலுவை இன்னும் புதிதாக இருந்தது. வின்னி தரையைத் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"சுடுதுக்கா!"

"மேல வெயில் படுது இல்ல? இரு."

கல்லறையை ஒட்டி, பக்கத்து மண்ணில் எலைன் கரண்டியால் தோண்டினாள். மண் இறுகிக் கிடந்தது, விரல் எரிந்தது. முழங்கை ஆழம் வந்ததும் நிறுத்தினாள்.

"இப்போ கையை விடு."

வின்னி பயந்து பயந்து விட்டான். அவன் முகம் மாறியது. "சில்லுனு இருக்குக்கா!"

"அம்மா இன்னும் கொஞ்சம் கீழ. அங்கயும் சூடு இல்லடா."

"நிஜமா?"

"நிஜமா."

அவன் கையை எடுக்காமலே கேட்டான். "அப்போ அம்மா வானத்துல இருந்து என்னைப் பார்க்கல. திரும்பியும் வரமாட்டாங்க. இல்லக்கா?"

எலைன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வரமாட்டாங்கடா."

வின்னி அழுதான். இத்தனை நாள் பயத்தில் அழுதவன், இன்றுதான் அம்மா இல்லையே என்று அழுதான். எலைன் அவனை மடியில் இழுத்துக்கொண்டு, தானும் அழுதாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து ரயில் இறங்கி வந்த அப்பா அவர்களைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். மண் அப்பிய பிள்ளைகளைப் பார்த்துப் பதறினார்.

"இன்னாம்மா இது? இந்த வெயில்ல இங்க இன்னா பண்றீங்க?"

வின்னி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, அம்மாக்குச் சூடு இல்லப்பா! நீங்களே கையை விட்டுப் பாருங்க!"

அப்பா எலைனைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டு, சட்டைக் கையை மடித்து, குழிக்குள் கையை விட்டார்.

"ஆமாடா கண்ணு" என்றார். அதற்கு அப்புறம் வெகுநேரம் அவர் கையை எடுக்கவே இல்லை.