தோல் கன்று

ரேணுகாம்பாளுக்கு ரவிக்கை நனைந்தது.

முறத்தில் அவரைக்காயைக் கொட்டி நார் உரித்துக்கொண்டிருந்தவள், முதலில் வியர்வை என்றுதான் நினைத்தாள். வேங்கிக்கால் வெயில் அப்படிப்பட்டது. புதிதாகப் போட்ட மனைகளில் வீட்டைவிட முள்ளுச் செடி ஜாஸ்தி, நிழல் கம்மி. அப்புறம் வாசனை வந்தது. இனிப்பும் புளிப்புமாக, துணியில் ஊறிய பாலின் வாசனை. அவள் கை நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி மாத்திரை தின்று, மார்பில் துணியை இறுக்கிக் கட்டி, அக்கம்பக்கத்தார் சொன்னபடி மல்லிகைப்பூவை வைத்துக் கட்டி, வாடவாடப் புதுப் பூ மாற்றி, அழுது நிறுத்திய பால் அது. நின்று ஒரு மாசத்துக்கு மேலே ஆகிவிட்டது. குடிக்க வேண்டியது மண்ணுக்குள் போய் அதற்கும் மேலே ஆகிறது.

பின்பக்கத்து ஷெட்டிலிருந்து சத்தம் கேட்டது. டொக்.

மாறனுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து இரும்புச் சத்தத்தோடு குடித்தனம் செய்கிறவள் அவள். சுத்தியல் எது, தகடு நிமிர்கிறது எது, கிரைண்டர் கம்பியைக் கடிக்கிறது எது என்று அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவாள். இது அந்தக் கணக்கில் சேரவில்லை. மூடின பாத்திரத்துக்குள்ளிருந்து யாரோ விரலை மடக்கித் தட்டுகிற மாதிரி, மெதுவாக, பொறுமையாக, திறப்பார்கள் என்கிற நம்பிக்கையோடு. டொக். டொக் டொக். ஒவ்வொரு தட்டுக்கும் ரவிக்கையில் ஈரம் இன்னும் கொஞ்சம் பரவியது.

எட்டிப் பார்த்தாள். ஷெட் பூட்டியிருந்தது. தெருமுனை டீக்கடையில் மாறன் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், ரோட்டைப் பார்த்தபடி நின்றான்.

மாறன் வீடுகளுக்கு இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடிக்கிறவன்தான். மிச்சம் விழுந்த துண்டுகளை வைத்து ஒரு தடவை மயில் செய்தான். அது நன்றாக வந்ததுதான் வினையாகப் போயிற்று. காயலான் கடையில் அள்ளிவந்த சைக்கிள் செயின் பாம்பானது, சைலன்சர் மானானது, புல்லட் டேங்க் காளையின் திமிலானது. மலையைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் மானைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே அருணைப் பசுமைப் பேரவைக்கு மாறன் ஒரு கலைஞன் என்று தெரிந்துவிட்டது.

பேரவை என்றால் தலைவர் ராஜேந்திரன், அவருடைய மனைவி, அவருடைய கார் டிரைவர். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று ஊர் முழுக்கப் பிளாஸ்டிக் பேனர் கட்டியவர் ராஜேந்திரன். 'சூழல் செம்மல்' என்கிற பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்காததால், அது அவருக்கு நிலைத்துவிட்டது. குப்பை இரும்பில் தன்னுடைய மார்பளவுச் சிலை ஒன்று செய்யச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்.

"மனுச மூஞ்சி எனக்கு வராதுங்க சார்," என்றான் மாறன். "எவ்ளோ பாத்துப் பாத்து செஞ்சாலும் கடைசில ஆடோ மாடோ தான் வந்து நிக்குது."

செம்மல் சிரித்துவிட்டுப் போனார். அப்புறம் கொஞ்ச நாள் வரவில்லை.

குழந்தை போனபோதுதான் மறுபடி வந்தார். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில், கைப்பழக்கத்தில், பையிலிருந்து பச்சைப் பொன்னாடையை எடுத்து மாறன் தோளில் போர்த்திவிட்டார். டிரைவரும் கைப்பழக்கத்தில் படம் எடுத்துவிட்டான். போர்த்தினதைத் திரும்ப உருவுவது முறையா என்று தெரியாமல் செம்மல் கொஞ்ச நேரம் பொன்னாடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாறன் அதை எடுக்கவும் இல்லை, கவனிக்கவும் இல்லை. சரிகைக் கரையோடு ஒரு அப்பன் அழுதுகொண்டிருந்தான்.

"ரவுண்டானாவுல வெக்க ஒரு மாடும் கன்னும் செய்ங்க தம்பி," என்றார் செம்மல், எழும்போது. "மனசுக்கும் ஆறுதலா இருக்கும். 'தாய்மை'ன்னு பேர் வெச்சிடலாம்."

உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ரேணு அதைக் கேட்டாள். இன்னும் காயலான் கடையில் கிடக்கிற இரும்புக்குப் பேர் வைத்தாகிவிட்டது. அவள் மகளுக்கு வைக்கவில்லை. தங்கள் பக்கத்துப் பேர்தான் வைக்க வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் காய்ச்சல் வந்தது. பேர் சொல்லி அழக்கூட வழியில்லை. பாப்பா, பாப்பா என்று, எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்துகிற மாதிரிதான் அழ முடிந்தது.

ரவிக்கை நனைந்த அன்றைக்குச் சாயங்காலம் சோறு போடும்போது கேட்டாள். "பின்னால என்னமோ தட்டுதுங்க."

"நான்தான்."

"நீங்க டீக்கடைல நின்னீங்க. பாத்தேன்."

மாறன் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். நகக்கண்ணில் கறுப்புக்குப் பதில் சிவப்பாக என்னவோ அப்பியிருந்தது. துரு என்று நினைத்துக்கொண்டாள்.

"இரும்பு சூடு ஆறும்போது தட்டும், ரேணு." கேட்காததற்கும் பதில் சொன்னான். "அடி அண்ணாமலைல எங்க வீட்ல மாடு இருந்துச்சு இல்ல? ஒரு வாட்டி கன்னு செத்துப் போச்சு. மாடு பால் விடல. கத்திக்கிட்டே இருந்துச்சு. அப்பா கன்னோட தோலை உரிச்சி, உள்ள வைக்கோல் அடைச்சி, குச்சியில கால் வெச்சி முன்னால நிறுத்தினாரு. அது நக்க ஆரம்பிச்சிடுச்சு. நக்க நக்கப் பால் சொரக்குது."

"மாட்டுக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் நெனைக்கிறேன்." அவன் தட்டைப் பார்த்தே பேசினான். "தெரிஞ்சும் நக்கும். அப்புறம் கத்தவே இல்ல. வெறும் வைக்கோலுக்கு மசியாது. தோல் வேணும். வாசனைதான்."

அவள் மோர் ஊற்றினாள். தட்டுக்கு வெளியே ஊற்றினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பொருள்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. பீரோவின் அடித்தட்டில், அவள் துவைக்காமல் மடித்து வைத்திருந்த பாப்பாவின் மஞ்சள் சட்டையைக் காணோம். மாடத்தில் இருந்த பவுடர் டப்பாவைக் காணோம். மாறனைக் கேட்டால் சிரித்தான். சாவுக்குப் பிறகு முதல்தடவையாக அவன் சிரித்தது அப்போதுதான், அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ராவெல்லாம் ஷெட்டில் கிரைண்டர் ஓடியது. செய்கிற சத்தமாக இல்லை. செய்ததை அழிக்கிற சத்தம். பகலில் அவன் தூங்கும்போது அந்த இன்னொரு சத்தம். மூடினதற்குள்ளிருந்து. மார்பில் இரண்டு துண்டுகளை வைத்துக் கட்டிக்கொண்டு, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, அவள் வீட்டு வேலைகளைச் செய்தாள். பஞ்சு அடைத்தால் காதுக்குத்தான் கேட்கவில்லை. பாலுக்குக் கேட்டது.

எதிர்மனையில் ஆடு வளர்க்கிற தமிழ்செல்விதான் அதைச் சொன்னாள். ஏரிக்கரைக்குப் பின்னால் மேய்க்கிறவள்.

"ஏய் ரேணு, மனசு கஷ்டப்படாத. பாப்பாவப் பொதைச்ச எடத்துல போட்ட முள்ளு வெலகிக் கெடக்குது. உங்க வீட்டுக்காரர்கிட்ட புது முள்ளு வெட்டிப் போடச் சொல்லு."

"நாயாக்கா?"

"நாய்னா மண்ணு செதறிக் கெடக்கும்டீ." தமிழ்செல்வி ஆட்டுக்குட்டியின் காதில் உண்ணி பிடுங்கியபடி யோசித்தாள். "இது அப்படி இல்ல. ஒழுங்கா மூடி, மேல தண்ணி தெளிச்சி, தட்டி விட்டாப்புல இருக்குது."

ரேணு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ரொம்ப நேரம் சாத்தின கதவையே பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பையில் நாலு புடவையை வைத்தாள்.

பௌர்ணமிக் கூட்டம் ஊருக்குள் இறங்குகிற நாளாகப் பார்த்துத் திறப்பு விழா வைத்தார் செம்மல். காலையில் டெம்போ வந்தது. சிறுவர் பூங்கா சறுக்குமரத்தின் தகடும், டிராக்டர் மட்கார்டும், குக்கர் மூடிகளுமாக நின்ற பசுவையும், அதன் மடியில் முகம் வைத்த கன்றையும் வைக்கோல் பரப்பி ஏற்றினார்கள். கன்று ஏறும்போது ரேணு உற்றுக் கேட்டாள். அது தட்டவில்லை. தகடு தகடாக, உள்ளே தெரியத் தெரிய, காலியாக இருந்தது.

தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். 'இரும்புக்கு உயிர் கொடுத்த பிரம்மனே' என்று போட்டு, பெரிசாக ராஜேந்திரன் படம். கீழே ஓரத்தில், துக்கத்தன்று எடுத்த படத்தில், பொன்னாடையோடு மாறன்.

"நான் நாளைக்குப் போளூர் போறேங்க," என்றாள். "அண்ணன் வீட்டுக்கு. கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

மாறன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். கோபப்படவில்லை. அவள் தலையை வருடினான். விரல்களில் பவுடர் வாசனை. அதற்கு அடியில், மழைக்கு நனைந்த மண்.

"போகத் தோணாது உனக்கு," என்றான். "விழா முடிச்சிட்டு வந்து ஒண்ணு தரேன். உனக்காகத்தான் செஞ்சேன், ரேணு. மூஞ்சி மட்டும் வரல."

விளக்கு வைக்கிற நேரம். ரவுண்டானாவிலிருந்து மைக் சத்தம் காற்றில் ஏறி இறங்கி வந்தது. கிழக்கே நிலா முழுசாக இன்னும் வெளியே வரவில்லை. ஷெட்டின் தகரக் கூரை பகல் வெயிலை விட்டுக்கொண்டிருந்தது. மாடு போயாகிவிட்டது, கன்று போயாகிவிட்டது, மான் மயில் எல்லாம் எப்போதோ போயாகிவிட்டது. ஷெட்டில் ஒன்றுமில்லை. சத்தம் போட அங்கே ஒன்றுமே இல்லை.

டொக்.

அவள் பையை எடுத்தாள். நாளைக்கு என்ன, இப்போதே போய்விடலாம், கூட்டத்துக்கு விட்ட பஸ் இருக்கும். வாசல்வரை வந்தாள்.

டொக் டொக்.

இரண்டு மாரும் கல்லாகி நொந்தன. கட்டியிருந்த துண்டு ஒழுகி, வயிறு நனைந்து, புடவை நனைந்தது. பை கையிலிருந்து நழுவியதை அவள் பார்க்கவில்லை. ஷெட்டை அவன் பூட்டவில்லை. பூட்டத் தேவையில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"தாய்மை என்பது யாதெனில்," என்றது மைக்.

உள்ளே இருட்டு. கிரீஸ் வாசனை. கால் இடறியது. மண்வெட்டி. அதன் தகட்டில் காய்ந்த செம்மண், திட்டுத் திட்டாக.

வேலை மேஜைமேல் பச்சைப் பொன்னாடை. சுற்றிவைத்த மூட்டை. அவள் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீளம். அந்த நீளம் அவள் கைக்குத் தெரியும்.

விலக்கினாள்.

விரல்கள் இருந்தன. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில், ஐந்தைந்தாக. கால் விரலுக்குக் குட்டிக் குட்டி நட்டு. வயிற்றுத் தகட்டை ரெண்டு பாதியாகச் சேர்த்திருந்தான். வெல்டிங் போடவில்லை. போல்ட் வைத்து முடுக்கியிருந்தான். நெருப்பு உள்ளே பட்டுவிடக் கூடாது என்று. இரண்டு தகடுக்கும் நடுவில் மஞ்சள் துணியின் ஓரம் மாட்டிக்கொண்டிருந்தது.

முகம் பூராவும் கிரைண்டர் தடம். செய்து, அழித்து, செய்து, அழித்து. நெற்றி ஒரு மனுஷக் குழந்தையின் நெற்றியாகத் தொடங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே அவனுக்கு வரவில்லை. நீண்டுவிட்டது. மூக்கு அகன்றுவிட்டது. ஸ்பூன் காதுகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. பேரிங் குண்டுக் கண்களில் கதவு வழியாக வந்த நிலா வெளிச்சம். வாய் இருக்கிற இடத்தில் ஒரு சின்ன ஓட்டை.

பவுடர். தேங்காயெண்ணெய். ஈர மண். அதற்கும் அடியில், இன்னொன்று.

"ஐந்தறிவு ஜீவனும் தன் குட்டியை அறியும்," என்றது மைக். கைதட்டினார்கள்.

டொக்.

தகட்டுக்குப் பின்னாலிருந்து. அவள் விரலுக்கு நேரே.

ரேணுவுக்குத் தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. முள் விலகியது, மண் மூடியது, சட்டை போனது, போல்ட் முடுக்கியது. அவள் ஒரு மாடு இல்லை. தெரிந்துதான் தூக்கினாள். தெரிந்துதான் தரையில் உட்கார்ந்தாள், மடியில் கிடத்திக்கொண்டாள். கூரையின் சூட்டில் அது காய்ச்சல்போலக் கொதித்தது. காய்ச்சல் கண்ட அன்றைக்கு இருந்த அதே சூடு. "ஒண்ணுமில்லடீ," என்றாள். கூப்பிட வேறு பேர் இல்லை. குனிந்து, இரும்பு நெற்றியில் நாக்கை வைத்தாள். துரு. உப்பு. இன்னொரு முறை.

மைக் எப்போதோ ஓய்ந்திருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாறன் கழுத்தில் மாலையோடு, தோளில் புதுப் பொன்னாடையோடு, உள்ளே வராமல் நின்றான். அவன் அப்பா தொழுவத்தில் அப்படித்தான் நின்றிருப்பார், மாட்டின் முகத்தைப் பார்த்தபடி, மூச்சுவிடாமல்.

அவள் தலை தூக்கவில்லை. நக்கிக்கொண்டிருந்தாள். பால் தகட்டில் சொட்டி, முகத்தில் வழிந்து, அந்த ஓட்டைக்குள் இறங்கியது.

தட்டுவது நின்றது.

உள்ளே, விழுங்குகிற சத்தம் கேட்டது.