திருவிருந்துக்கு முன்

ஒரே அடுப்பில் இரண்டு காபி கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்று, அன்புசெல்வி தனக்கும் கணவனுக்குமாக வைத்தது. இன்னொன்று, மாமியார் வேலாத்தாள் தனக்கென்று தனியாக வைத்தது. தோளோடு தோள் இடிக்க நின்றும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முதலிபாளையத்தில் அந்த லைன் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். அதில் மூன்று மாதக் கோபத்துக்கு எங்கே இடம் கிடைத்ததோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

அன்று மாதத்தின் முதல் ஞாயிறு. சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து உண்டு. அடுத்த புதன்கிழமை கோயம்புத்தூரில் வேலாத்தாளுக்கு இருதய ஆபரேஷன்.

வேலாத்தாள் டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, மகன் தங்கதுரையைப் பார்த்துப் பேசினாள். பேச்சு மட்டும் சமையலறைக்குள் போய் விழுந்தது.

"இன்னிக்காவது உன்ற பொண்டாட்டி உண்மைய ஒத்துக்குவாளான்னு கேட்டுச் சொல்லு. மனசுல கசப்ப வெச்சுக்கிட்டு ஆண்டவரு பந்திக்கு நான் போகமாட்டேன்... பந்தி எடுக்காம ஆபரேசனுக்கும் போகமாட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

தங்கதுரை சட்டைப் பொத்தானை மாட்டியபடி தரையைப் பார்த்தான். சமையலறையில் அன்புசெல்வி அடுப்பை அணைத்தாள்.

வேலாத்தாளின் இந்தப் பிடிவாதம் இன்றைக்கு நேற்று வந்ததல்ல. தாராபுரம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, நாற்பது வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் வாங்கியவள் அவள். அன்றைக்கு வைத்த சாராள் என்ற பெயர் சபைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. ஊருக்கு அவள் வேலாத்தாள்தான். ஆனால் அன்று சொல்லிக்கொடுத்ததை மட்டும் அவள் விடவே இல்லை. யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் திருவிருந்துக்கு முழங்கால் போட வேண்டும் என்பது சபை ஒழுங்கு. மற்றவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள். வேலாத்தாள் நிஜமாகவே போகாமல் உட்கார்ந்துவிடுவாள். இப்போது இரண்டு மாதமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

எல்லாம் ஒரு சீட்டால் வந்தது.

சபை வாசலில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. மனக்குறை இருப்பவர்கள் பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போடலாம். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஆயர் அதை வாசிப்பார், எல்லோரும் ஜெபிப்பார்கள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இப்படி ஒரு சீட்டு வந்தது: 'ஒரு குடும்பத் தலைவன் பெற்ற தாய்க்குத் தெரியாமல் குடிக்கிறான். விட நினைத்தும் முடியவில்லை. அவன் விடுதலைக்காக ஜெபியுங்கள்.' சபையார் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஜெபித்தார்கள். காதை மட்டும் யாரும் மூடவில்லை. யார் வீடு, யார் மகன் என்று ஆமென் சொல்வதற்குள் பாதிப் பேர் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

ஆயர் மேஜைமேல் வைத்த அந்தச் சீட்டை வேலாத்தாள் பார்த்தாள். ரோஸ் நிறக் காகிதம். அன்புசெல்வி டெய்லராக இருக்கும் பனியன் கம்பெனியில், வெட்டிய துணிக்கட்டுகளோடு கட்டி அனுப்பும் பண்டில் சீட்டு. வேலை முடிந்த சீட்டுகளை அவள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். அதன் பின்பக்கத்தில்தான் மளிகைச் சாமான் எழுதுவார்கள். வேலாத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ரோஸ் காகிதத்தை நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபையில் வேத பாடம் வாசிக்கிறவன் அவள் மகன். அவன் குடிக்கிறானா? இந்த மருமகள் கட்டிய கதை... பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சபை முழுக்க நாறடித்துவிட்டாள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள் வேலாத்தாள். அன்புசெல்விக்கோ அப்படி ஒரு சீட்டு இருந்ததே தெரியாது. ஷிப்மென்ட் அவசரம் என்று அந்த வெள்ளிக்கிழமை எட்டு மணி வரை அவளைக் கம்பெனி விடவில்லை. வீட்டுக்கு வந்தவளுக்குச் சோற்றுக்குப் பதில் வசவுதான் கிடைத்தது.

மறுநாள் விடியற்காலை தண்ணீர் பிடிக்கும்போது தங்கதுரை குழாயடிக்கு வந்தான். குடத்தைத் தூக்கித் தருகிறவன்போல் குனிந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "நாந்தான் எழுதுனேன் அன்பு. நேர்ல யாருகிட்டயும் சொல்ல வாய் வரல... பேரு தெரியாம எல்லாரும் ஜெபம் பண்ணுனா விட்டுப்போகும்னு நெனச்சேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாத."

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் அவன். வேலை முடிந்து குடித்துவிட்டு, தாய் மாத்திரை போட்டுப் படுத்த பிறகு வீட்டுக்கு வருவான். இரண்டு வருஷமாக அதை மாமியாரிடம் மறைத்து, தனியாக அழுது, தனியாக ஜெபித்தவள் அன்புசெல்வி. ஒரு நாளும் தப்பென்று ஒத்துக்கொள்ளாத மனுஷன், அன்று முதல்தடவையாக வாய் திறந்தான். அன்றிலிருந்து அவன் தொடவில்லை. ஒரு வாரம் கை நடுங்கியது. கத்தரியைப் பிடிக்க முடியாமல் லீவு போட்டான். ஆனாலும் தொடவில்லை.

அப்போதே அவள் தீர்மானம் செய்துவிட்டாள். இப்போதுதான் தளிர்விட்டிருக்கிறான், இதில் வெந்நீர் ஊற்றக் கூடாது. தன் பெயர் கெட்டால் கெடட்டும். பின்னால் எப்படியாவது சரியாகிக்கொள்ளும். மூன்று மாதமாக எழுதினேன் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, மாமியாரின் துணியைத் துவைத்து, மாத்திரையை நேரம் பார்த்து எடுத்துவைத்துவிட்டு மிஷினுக்குப் போனாள். வலிக்காமல் இல்லை. மாமியாரை அவள் தாயைப்போல நினைத்திருந்தாள். அதனால்தான் அவ்வளவு வலித்தது.

இந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆயரின் மனைவி விஜயராணி வீடு தேடி வந்தாள். நல்ல மனுஷி, சண்டையைச் சீக்கிரம் முடித்துவைக்க வேண்டும் என்பதில் மட்டும் கொஞ்சம் அவசரக்காரி. பெரியவர்கள் ஆபரேஷனுக்குப் போகிறார்கள், எழுதினேன் தப்புத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். அன்புசெல்வி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தாள். எழுதினேன் என்று சொன்னால் அது பொய். பொய்யைச் சொல்லிவிட்டு அதே வாயால் எப்படி அப்பத்தை வாங்குவது? எழுதவில்லை என்றால், யார் எழுதியது என்ற கேள்வி வரும். அந்தப் பதிலை அத்தையின் இருதயம் தாங்குமா? தாங்கினாலும் அவர் தாங்குவாரா, மறுபடி குடிக்கக் கடைக்குப் போய்விடுவாரா? அத்தை பிடிவாதமாக ஆபரேஷனை வேண்டாம் என்றுவிட்டால்...

சனிக்கிழமை டீ நேரத்தில் பக்கத்து மிஷின் ரோஸ்மேரி அவள் முகத்தைப் பார்த்தாள். ரோஸ்மேரி சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், கத்தோலிக்கப் பெண். தினமும் டீ நேரத்தில் இரண்டு நிமிஷம் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பார்கள். சூப்பர்வைசர் கத்தினாலும் அந்த இரண்டு நிமிஷத்தை விட்டுக்கொடுத்ததில்லை. கணவன் பேரைச் சொல்லாமல் அன்புசெல்வி மற்றதைச் சொன்னாள்.

"பொய்யச் சொல்லி சமாதானம் வாங்காதத்தா, அது ஒரு நாளு தங்காது. உண்மையில உனக்குப் பங்கு எவ்வளவோ அத மட்டும் சொல்லிட்டு நில்லு. நிக்கிறதுக்குப் பலம் வேணும்ல, அத ஆண்டவரு குடுப்பாரு," என்றாள் ரோஸ்மேரி. பிறகு எண்ணெய்க் கறை படிந்த விரல்களால் அவள் கையைப் பிடித்து, இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு நாளைக்கான தைரியத்தைக் கொடும் என்று மட்டும் கேட்டாள். பெல் அடித்தது. அன்புசெல்வி மிஷினுக்குத் திரும்பினாள். தையல் ஓட ஓட, செய்ய வேண்டியது என்னவென்று தெளிவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தங்கதுரை வேத பாடம் வாசித்தான். குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது. பிரசங்கம் முடிந்து, ஒருவரோடொருவர் சமாதானமாகிப் பந்திக்கு வாருங்கள் என்று ஆயர் அழைத்தார். முன்வரிசை எழுந்தது. வேலாத்தாள் எழவில்லை. விஜயராணி அன்புசெல்வியைப் பார்த்துக் கண்ணால் சாடை காட்டினாள்.

அன்புசெல்வி எழுந்துபோய் மாமியாரின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். பெண்கள் பக்கம் முழுக்க எட்டிப் பார்த்தது.

"அத்தை, அந்தச் சீட்ட நான் எழுதலீங்க."

"அப்ப யாரு எழுதுனது?"

"அத நான் சொல்லமாட்டேனுங்க. கேட்டா பொய்யும் சொல்லமாட்டேன்." அவள் குரல் நடுங்கவில்லை. "எம்மேல இருக்கற கசப்புதான உங்களத் தடுக்குது? இன்னிக்கு நான் பந்திக்கு வரலீங்க. வெளிய நின்னு உங்களுக்காக ஜெபம் பண்றேன். நீங்க எடுத்துக்கோணும்... புதங்கெழம ஆபரேசனுக்குப் போகோணும். எனக்கு நீங்க வேணுங்கத்தை."

சொல்லிவிட்டு எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்தே நடந்து வாசலுக்குப் போனாள். திருவிருந்து நாளில் ஒருத்தி பந்திக்கு முதுகைக் காட்டிப் போவதை அந்தச் சபை பார்த்ததில்லை. பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து தங்கதுரை எழுந்தான். நடுவழியைக் கடந்து தாயின் முன்னால் வந்து நின்றான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அம்மா... அந்தச் சீட்ட எழுதுனது நானுங்க. குடிச்சதும் நாந்தான்."

வேலாத்தாளின் கை நெஞ்சுக்குப் போயிற்று. விஜயராணி பதறி எழுந்தாள். கிழவி அவளைக் கையாலேயே உட்காரச் சொன்னாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமாங்க. சீட்டுப் போட்டதுலருந்து தொடலீங்க."

"இவளுக்குத் தெரியுமா?"

"எல்லாந் தெரியுமுங்க. உங்ககிட்டச் சொல்லாதன்னு நாந்தான் கேட்டேன்... மூணு மாசமா அவ திட்டு வாங்குறதப் பாத்துக்கிட்டு வாயடச்சு நின்னேனுங்கம்மா. குடிச்சத விட இதுதான் பெரிய பாவமுங்க." நாற்பத்தாறு வயது மனுஷன், சபை நடுவில் நின்று தேம்பினான்.

வேலாத்தாள் பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். யாருடைய கையையும் வாங்காமல், அடிமேல் அடிவைத்து வாசல்வரை நடந்தாள். அன்புசெல்வி தூணோரம் கண்ணை மூடி நின்றிருந்தாள். உள்ளே நடந்தது அவள் காதில் விழுந்திருந்தது, கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்கண்ணு..." வேலாத்தாள் அவள் கன்னத்தைத் துடைத்தாள். "உன்ன என்னென்ன பேசிப்போட்டேன்... அவந்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீங்க அவரத் திட்டியிருப்பீங்க. அவரு கோவிச்சுக்கிட்டுக் கடைக்குப் போயிருப்பாருங்க. என்னத் திட்டுனா நான் கம்பெனிக்குத்தானுங்க போவேன்."

வேலாத்தாள் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மன்னித்துவிடு என்று அவள் சொன்னது பாதிதான் வெளியே வந்தது. அன்புசெல்விக்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது. மூன்று மாதமாக அடக்கிவைத்ததையெல்லாம் அந்தத் தோளிலேயே அழுது தீர்த்தாள்.

இருவரும் கையைப் பிடித்தபடி உள்ளே வந்தார்கள். ஆயர் அப்பத்தட்டோடு காத்துக்கொண்டு நின்றார். தங்கதுரை நகர்ந்து சுவரோரம் ஒதுங்கினான். நான் இன்றைக்கு வேண்டாம், அதற்கு எனக்குத் தகுதியில்லை என்று முணுமுணுத்தான். வேலாத்தாள் நின்று, மகனின் சட்டைக் கையைப் பற்றினாள்.

"வாடா. யோக்கியமா இருக்கறவங்களுக்கு மட்டுந்தான்னா, இன்னிக்கு மொதல்ல வெளிய நிக்க வேண்டியவ நாந்தான்."

ஒரு பக்கம் மகனையும் மறு பக்கம் மருமகளையும் பிடித்துக்கொண்டு, அவள் முழங்கால் போட்டாள்.