புனித அமாராவின் சாப்பாட்டு நேரம்

“அதுல நான் வாய வைக்க மாட்டேன்!”

மிரெல்லா பேராலயத்துப் படிக்கட்டில் நின்று போட்ட கத்தல், எதிர்வீட்டு மாடியில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. சதுக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றிக் கேட்கவா வேண்டும். கோப்பையை உதட்டருகே நிறுத்தியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க வீட்டுக்கு வந்த அத்தனை மருமகளும் வெச்ச வாய்தான்டீ! உன் வாய் மட்டும் என்ன தங்கமா?” என்றாள் ஜெனொவேஃபா. மாமியாராகப் போகிறவள்.

சொல்லப்போனால் அந்த வாயில் கொஞ்சம் தங்கம் இருக்கத்தான் செய்தது. மேல்வரிசையில் இடது கோரைப்பல்லின் ஓரத்தில், கடுகளவு. அவள் சிரித்தால் மினுக்கும். வந்திறங்கிய அன்றே நான் பார்த்துவிட்டேன்.

மிரெல்லா வடக்கே தூரின் நகரத்துக்காரி. அங்கே ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள். பட்டாளத்துச் சேவைக்காக அந்த ஊருக்குப் போன எங்கள் ஒரேஸ்தே, கடைவாய்ப்பல் வீங்கி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். பல்லோடு மனசையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான். கல்யாணத்துக்கு மூன்று வாரம். அவள் வேலையை விட்டாயிற்று, வாடகை அறையைக் காலி செய்தாயிற்று, கல்யாண உடையும் தைத்தாயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றுதான். எங்கள் ஊரான ரோக்கவேர்னாவுக்கு வாழ வருகிற பெண், பேராலயத்து நிலவறையில் படுத்திருக்கும் புனித அமாராவின் வலது பாதத்தில் முத்தம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஜெனொவேஃபா வீட்டு மாடியில் குடித்தனம் கிடையாது, கல்யாணமும் கிடையாது. அம்மா பேச்சை ஒரேஸ்தே ஒருநாளும் மீறியவனில்லை. அன்றைக்கும் படிக்கட்டின் ஓரமாக நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் பேராலயத்துக்கு வந்தால் கழுத்து நோக அண்ணாந்து பார்ப்பார்கள். முகப்பிலுள்ள பொன்னோவியம், வட்டச் சாளரம், படம் பிடிக்க எத்தனையோ. மிரெல்லாவும் காலையில் அப்படித்தான் வாய் பிளந்து பார்த்தாளாம். பிறகுதான் ஜெனொவேஃபா அவளைக் கீழே கூட்டிப் போனாள். கண்ணாடிப் பேழைக்குள் புனிதை. பேழையின் கால்மாட்டில் ஒரு துளை. துளைக்கு வெளியே, வெள்ளி வளையத்துக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பாதம். எலும்பின்மேல் மெழுகு. தேய்ந்து போகும் இடத்தில், எரிந்து முடிந்த மெழுகுத்திரித் துண்டுகளை உருக்கி, வருஷா வருஷம் கோயில்பிள்ளை நாசாரியோ பூசுவார். ஆனாலும் புறங்காலில் ஒரு குழி. எத்தனையோ தலைமுறையாக வாய் வைத்து வைத்து விழுந்த குழி.

வரிசையில் அவளுக்கு முன்னால் இருமிக்கொண்டிருந்த செசீரா கிழவி முத்தம் கொடுத்தாள். நாசாரியோ துணியால் துடைத்தார். அடுத்தவள் கொடுத்தாள். அதே துணி. நடுவில் தன் கழுத்து வியர்வையையும் அதிலேயே ஒற்றிக்கொண்டார். தன் முறை வந்தபோது மிரெல்லா குழியைப் பார்த்தாள். அதில் தேங்கிய எச்சிலில் ஒரு ரொட்டித் துணுக்கு மிதந்தது. விறுவிறுவென்று படியேறி வெளியே வந்தவள்தான், கத்த ஆரம்பித்துவிட்டாள்.

கத்தல் ஓய வெகுநேரமானது. பிறகு ஒரேஸ்தே அவள் காதில் ஏதோ சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி அத்தை, குடுக்கிறேன். ஆனா தனியாத்தான் போவேன். எல்லாரும் சுத்தி நின்னு என் வாயையே பாத்துட்டு இருக்க வேண்டாம்.”

“போ போ, தனியாவே போ. முடிச்சுட்டு சீக்கிரம் வா. நான் போய் தண்ணிய அடுப்புல வைக்கிறேன்” என்று ஜெனொவேஃபா, மகனையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மனசெல்லாம் தக்காளிக் குழம்பில். நேரத்தைப் பார்க்கவில்லை.

நானும் பார்க்கவில்லை. மதியத்தில் எங்கள் ஊரில் யாரும் நிலவறைக்குப் போவதில்லை. “புனிதைக்கும் சாப்பாட்டு நேரம்” என்போம். சொல்லிச் சொல்லி அர்த்தமே உதிர்ந்துபோன பேச்சு. வெளியூர்ப் பெண்ணிடம் அதைச் சொல்ல வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

இனி வருவதெல்லாம், அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் முடிதிருத்தும் தெரெசீனாவிடம் மிரெல்லாவே சொன்னது. தெரெசீனாவின் வாய் சல்லடை என்பதால் ராத்திரிக்குள் என்னிடம் வந்து சேர்ந்தது.

மிரெல்லாவிடம் ஒரு திட்டம் இருந்தது. பாவாடைப் பையில் பஞ்சும், சின்னக் குப்பியில் ஸ்பிரிட்டும். வேலையை விட்டாலும் பழக்கத்தை விடாத பெண். நன்றாகத் துடைத்துவிட்டுப் பட்டும் படாமலும் உதட்டை வைத்து எடுத்துவிட்டால் கல்யாணம்.

படியிறங்க இறங்க வெயிலின் சூடு முதுகிலிருந்து கழன்றது. ஈரக்கல்லும், அணைந்த திரியும், வாடிய லில்லியும் கலந்த வாசனை. அதற்கும் அடியில் வேறொன்று, இனிப்பும் அழுகலும் சேர்ந்தது, அவள் எங்கோ தினமும் முகர்ந்தது, ஆனால் எங்கே என்று உடனே பிடிபடாதது. சுவரில் காசுப் பெட்டி. நூறு லீரா நாணயம் போட்டால் பேழையின்மேல் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் டக்கென்று அணையும். போட்டாள். பல்பு வண்டுபோல ரீங்கரித்தது. கண்ணாடிக்குள் புனிதையின் முகம் பட்டுத்துணியால் மூடியிருந்தது. பாதம் மட்டும் வெளியே, யாரோ கட்டிலில் தூங்கும்போது போர்வைக்கு வெளியே நீட்டியதுபோல.

குழி ஈரமாக இருந்தது.

வரிசை கலைந்து வெகுநேரமாகியிருந்தது. நாசாரியோ துடைக்க மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து வைத்து அழுத்தினாள். பஞ்சு மஞ்சளாக வந்தது, கொழகொழவென்று நூல் விட்டபடி. இரண்டாவது பஞ்சு பழுப்பாக. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். மெழுகு ஏடு ஏடாக உரிந்தது, பாலாடைபோல நகத்தில் ஒட்டியது. மூன்றாவது பஞ்சு இளஞ்சிவப்பாக வந்தது.

மெழுகுக்கு அடியில் வேறு நிறம். ஈறின் நிறம்.

விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் வெளுத்தது. விரலை எடுத்ததும், மெதுவாக, மறுபடி சிவந்தது.

அந்த வாசனை அப்போதுதான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. வருஷக்கணக்காக டாக்டரைப் பார்க்காதவன், நாற்காலியில் சாய்ந்து முதன்முதலாக வாயைத் திறக்கும்போது வருமே, அது.

மேலே, வெகு தூரத்தில், நாசாரியோவின் குரல். “மூடறேன்!” அவர் எப்போதும் மூன்று தடவை கூவுவார். மூன்றும் அவசர அவசரமாக வந்தன, அவருக்குப் பசி. இரும்புத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் தூண்களின் வழியே இறங்கி வந்தது. மிரெல்லா படியேறி ஓடினாள், கதவைத் தட்டினாள், கத்தினாள். அந்தக் கதவு ஓர் ஆள் பருமன். சதுக்கத்தில் அந்த நேரம் நாய்கூட இருக்காது. எல்லோரும் ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு தட்டின் முன்னால் இருப்போம். நான் அவரைக்காயை எண்ணெயில் வதக்கிக்கொண்டிருந்தேன்.

பக்கவாசல் ஏதாவது கீழே இருக்கும் என்று அவள் திரும்ப இறங்கியதுதான் தப்பு. கடைசிப் படியில் கால் வைத்ததும் விளக்கு டக்கென்று அணைந்தது.

தடவித் தடவிக் காசுப் பெட்டியைக் கண்டுபிடித்தாள். ஒரு நாணயம். வெளிச்சம்.

குழி ஆழமாகியிருந்தது. அதன் ஓரம் இரண்டு பக்கமும் தடித்து, சுருக்கம் விழுந்து, பளபளவென்று இருந்தது. உள்ளே, மெழுகு உரிந்த இடத்தில், கெண்டியின் அடியில் படியும் சுண்ணாம்புபோல மஞ்சள் படிவு. அந்தப் படிவை அவள் தன் வேலையில் எத்தனையோ பேருக்குச் சுரண்டி எடுத்திருக்கிறாள். அது எதன்மேல் படியும் என்று அவளுக்குத் தெரியும்.

டக்.

இருட்டு. இருட்டுக்குள் ஒரு சத்தம். மேலண்ணத்திலிருந்து நாக்கு விடுபடும் சத்தம்.

கடைசி நாணயத்தை எடுத்தாள். விரலெல்லாம் மெழுகும் பிசினும். வழுக்கியது. விழுந்தது. உருண்டது. நின்றது.

ச்சப்.

அவள் நகரவில்லை. மூச்சை அடக்கினாள். வேறு யாரோ மூச்சு விட்டார்கள். சூடாக. ஈரமாக. அவள் கன்னத்தில்.

ச்சப். ச்சப்.

அவசரமில்லை. கோபமில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, பரிமாறக் காத்திருப்பதுபோல.

கொடுத்துவிட்டால் விட்டுவிடும் என்று தோன்றியது. கொடுத்துவிட்டால் கல்யாணமும் ஆகிவிடும். எல்லோரும் கொடுத்ததுதானே. எல்லோரும் உயிரோடுதானே இருக்கிறார்கள்.

குனிந்தாள். யாரும் தள்ளவில்லை. இதை மட்டும் தெரெசீனாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். அவளேதான் குனிந்தாள். இருட்டில் தேடவே வேண்டியிருக்கவில்லை. மூச்சு வழிகாட்டியது.

உதடு பட்டது.

மெத்தென்றிருந்தது.

திறந்தது.

நாசாரியோ சாப்பிட்டுத் தூங்கியெழுந்து வந்து திறந்தபோது, அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“ஐயோ பொண்ணே! சாப்பாட்டு நேரத்துல யாராவது கீழ வருவாங்களா? புனிதைக்குப் பசிக்காதா?” என்று அவர் சிரித்தார். ஊரே சிரிக்கிற சிரிப்புதான்.

கோபித்துக்கொண்டு எங்கோ சுற்றுகிறாள் என்று அதுவரை நினைத்திருந்த ஜெனொவேஃபா ஓடி வந்தாள். கைக்குட்டையின் ஓரத்தில் மெழுகுப் பளபளப்பைப் பார்த்தாள். “குடுத்துட்டா! என் மருமக குடுத்துட்டா!” என்று சதுக்கம் அதிரக் கூவினாள். எல்லோரும் கைதட்டினோம். நானும் மாடியிலிருந்து தட்டினேன். மிரெல்லா கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. வீட்டுக்குப் போனாள், ஆறிப்போன பாஸ்தாவைத் தாண்டி நடந்தாள், பெட்டியை எடுத்தாள், மாலைப் பேருந்துக்கு வந்து நின்றாள். ஒரேஸ்தே பின்னாலேயே வந்து கெஞ்சினான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

தெரெசீனாவிடம் பேசினாள், கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து. நடுநடுவே துப்பினாளாம். துப்பியது மண்ணில் விழுந்ததும் வெளுத்து உறைந்ததாம், சிந்திய மெழுகுபோல.

“கைய எடும்மா, உதடு கிழிஞ்சிருக்கா பார்ப்போம்” என்றிருக்கிறாள் தெரெசீனா. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். உதட்டைத் திறந்து காட்டவே இல்லை.

ஒரேஸ்தே ஒருமுறை தூரினுக்குப் போனான். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து, திரும்பிப் போ என்று சொன்னாளாம். பல் டாக்டரிடம் அவள் திரும்ப வேலைக்குப் போகவில்லை; குடைக் கடை ஒன்றில் நிற்கிறாள், சிரிக்காத விற்பனைக்காரி என்று பெயர். ஜெனொவேஃபா எல்லோரிடமும், “வடக்கத்திப் பொண்ணு, அவ்வளவு திமிரு” என்று சொல்லி முடித்துவிட்டாள். மறுவருஷம் ஒரேஸ்தேவுக்கு ஒரு மருந்துக்கடைக்காரரின் மகள் இவானாவோடு கல்யாணம் நிச்சயமானது. இவானா அடுத்த ஊர்க்காரி. ஆகவே அவளும் முத்தம் கொடுக்க வேண்டும்.

நானும் கூடப் போனேன். இந்த மாதிரி விஷயங்களை நான் தவறவிடுவதில்லை. என் கல்யாணத்தின்போது நானும் கொடுத்தவள்தான், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. எங்கள் ஊரில் யாரும் கண்ணைத் திறந்துகொண்டு கொடுத்ததில்லை. அதைப் பக்தி என்றுதான் நினைத்திருந்தேன்.

காசுப் பெட்டியில் நாணயத்தைப் போட்டது நான். பல்பு ரீங்கரித்தது. இவானா குனிந்தவள், பாதிவழியில் நின்றாள்.

“அத்தை, இதுக்குள்ள ஏதோ மின்னுது.”

“யாராச்சும் காணிக்கை போட்டிருப்பாங்க. வேடிக்கை பாக்காம குனி” என்றாள் ஜெனொவேஃபா.

நான் எட்டிப் பார்த்தேன். நாசாரியோ புதிதாகப் பூசியிருந்த மெழுகு நடுவில் விலகியிருந்தது. உள்ளே மஞ்சளாக ஒரு வரிசை, கோணல்மாணலாக, படிவு ஏறி. அதன் இடது ஓரத்தில் ஒன்றே ஒன்று மட்டும் வெள்ளையாக, இளசாக, கூராக. அதன் விளிம்பில் கடுகளவு தங்கம்.

இவானா கண்ணை மூடிக்கொண்டு வாயை வைத்தாள்.

வைத்தவள் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கப் பார்த்தாள். தலை வந்தது. கீழுதடு வரவில்லை. அது நீண்டது. வெளுத்தது. இன்னும் நீண்டது.

டக்.

இருட்டில் ஜெனொவேஃபா கைதட்ட ஆரம்பித்தாள்.