கவிழ்ந்து கிடந்த எண்ணெய்ச் சட்டி

"எங்கொழுந்தன் செத்து எட்டு நாளுதான் ஆகுது… அதுக்குள்ள எண்ணெய்ச் சட்டிய ஏத்திட்டியாத்தா?"

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் அக்கம்மாள் கேட்ட கேள்வியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நாகஜோதியின் கை நின்றது. முறுக்கு வேகும் வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் கருமாதி முடியும்வரை இந்தக் குடும்பத்தில் யாரும் எண்ணெய்ச் சட்டி ஏற்றக்கூடாது. ஆனால் சென்னைக் கடைக்கு இருநூறு கிலோ முறுக்கு நாளைக்குள் போயாக வேண்டும். ஐந்து வருடம் வீட்டு அடுப்பில் வெந்து அவள் பிடித்த முதல் பெரிய ஆர்டர் அது.

அரிசி மில்லுக்குக் கிளம்பிய கணவன் பாண்டிமுருகனும் தன் பங்குக்கு, காசு வந்ததும் கண் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடுப்படியை எட்டிப் பார்க்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லையே!

சட்டியைத் தெருவில் வீசுகிறேன் என்று அக்கம்மாள் அடுப்படிக்குள் பாய்ந்தாள். அடுப்பு சில்லென்று கிடந்தது. சட்டி கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. விளிம்பில் ஒட்டடை.

அந்நேரம் கொல்லைச் சுவருக்கு அப்பாலிருந்து, முறுக்கு வாசனையோடு பக்கத்து வீட்டுத் தேவிகாவின் குரலும் வந்தது. விலையைக் குறைத்து விற்று நாகஜோதியின் வாடிக்கையைப் பிரித்தவள்.

"அக்கா, பாக்கெட்டுல ஒங்க பேரயே ஒட்டவா?"

"ஒம்பேர ஒட்டுத்தா. துக்கத்தன்னைக்கே கடையில சொல்லிட்டேன், ஆர்டர் இனி ஒனக்குத்தான்னு."

அக்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் மளமளவென்று வந்தது.

"எங்கிட்ட ஏந்தா சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீக அத்தே… திட்டத்தானே செஞ்சீக."

மில்லுக்குக் கிளம்பியவன் வாசலிலேயே தலை குனிந்து நின்றான். நாகஜோதி அவனைப் பார்க்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துவிட்டு வந்து சொன்னாள்.

"நானும் தேவிகாவும் கூட்டா நடத்தப் போறோம். நம்ம வீட்டுல துக்கம்னா அவ சட்டியேத்துவா, அவ வீட்டுல துக்கம்னா நான். கடைக்காரவுக நமக்காகக் காத்திருக்க மாட்டாக அத்தே."

போட்டிக்காரியோடு கூட்டா என்று அக்கம்மாள் கேட்கவில்லை. கவிழ்ந்து கிடந்த சட்டியை எடுத்தாள். சேலை முந்தானையால் ஒட்டடையைத் துடைத்தாள். அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, தெருவே பார்க்க மருமகளுக்கு முன்னால் கொட்டகைக்கு நடந்தாள்.