மேவிஸ் வாங்கி வைத்த பார்சல்

இங்கிலாந்தில், ஹல் நகரத்தின் வடக்கு ஓரத்தில் எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியான தெரு அது ஒன்றுதான். எல்லாம் இரட்டை வீடுகள். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். சுவர் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். பக்கத்து வீட்டில் டீ கலக்கினால் இங்கே ஸ்பூன் சத்தம் கேட்கும். நாங்கள் குடிவந்த கோடையில் பக்கத்து வீடு காலியாக இருந்தது. முன்னால் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டிருந்தார்கள். நல்லவேளை, தொல்லை இல்லை என்று நான் சந்தோஷப்பட்டேன்.

நானும் என் மனைவி டோனாவும் மட்டும்தான். ராபின் போன பிறகு எங்களால் பழைய வீட்டில் இருக்க முடியவில்லை. மூன்று மாதம்கூட நிறையாத பிள்ளை. தோளில் போட்டு நடந்தால்தான் தூங்குவான்; தொட்டிலில் விட்ட நிமிஷமே முழித்துக்கொண்டு வீட்டை இரண்டாக்குவான். ஒரே ஒரு மதியம் கீழே விட்டபோது முழிக்கவில்லை. அப்பாடா என்று டோனா துணி மடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது மூச்சு இல்லை. யார் மேலும் தப்பில்லை, சில குழந்தைகளுக்கு இப்படி நடக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். டோனா காதில் அது ஏறவே இல்லை. 'கீழே போட்டுட்டேன், கிரெக்' என்று மட்டும் தூக்கத்தில் சொல்வாள்.

புதுத் தெருவில் யாரும் எதையும் கேட்கவில்லை. கெட்ட மனசு கிடையாது, வளர்ந்த விதம் அப்படி. உங்கள் குப்பைத் தொட்டி சாலையில் நின்றால் சொல்லாமலே இழுத்து உள்ளே வைப்பார்கள். மழை வருமா வராதா என்று வாசலில் நின்று வெகுநேரம் பேசுவார்கள். உள்ளே வந்து ஒரு வாய் டீ குடியுங்கள் என்றால் மட்டும் பேயைக் கண்டமாதிரி ஓடுவார்கள்.

இலையுதிர் காலத்தில் டோனா ராபினின் துணிகளையெல்லாம் பெட்டியில் போட்டு, லீட்ஸ் நகரத்தில் ஒரு பெண்மணிக்கு அனுப்பினாள். இறந்த குழந்தைகளின் துணிகளை வெட்டி, கட்டிக்கொண்டு தூங்க ஒரு கரடிப் பொம்மையாகத் தைத்துத் தருபவர் அவர். மஞ்சள் பூப்போட்ட சட்டை, பால் கறை போகாத இரவு உடை, எல்லாமே போயிற்று. அவனுடையது என்று எங்களிடம் ஒரு நூல்கூட மிச்சமில்லை. கரடி வரும் வரை டோனா சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நவம்பரில் ஒரு நாள். நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. நான் கிடங்கு வேலை முடிந்து தெருவுக்குள் நுழைந்தபோது, டோனா கோட்டுகூடப் போடாமல் பார்சல் வேனை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பால் வாங்கத்தான் போனேன், கிரெக். அதுக்குள்ள வந்துட்டுப் போயிருக்காங்க."

வேன் ஓட்டும் பெண்மணிக்கு என் வயதுக்கு மேல் இருக்கும். "ஏங்க இப்படிப் பதர்றீங்க? பக்கத்து வீட்டு அம்மாகிட்ட குடுத்துட்டேனே. இந்தத் தெருவுல பகல்ல கதவைத் திறக்குறது அவங்க ஒருத்தங்கதான்."

"அந்த வீடு காலிங்க," என்றேன்.

"காலியாவது! நீலக் கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு நின்னாங்க. 'உள்ள வா கண்ணு, கெட்டில் வெச்சிருக்கேன்'னு கூப்பிட்டாங்க. எனக்கு உக்காந்து குடிக்க எங்க நேரம்?"

அவள் போய்விட்டாள். எவளோ ஒரு திருடி உள்ளே புகுந்திருக்கிறாள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த வீட்டுச் சாவி எதிர்வீட்டு பிரெண்டாவிடம் இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது.

"மேவிஸ்," என்றாள் மெதுவாக. "ஈஸ்டருக்கு முன்னாடியே செத்துப்போயிட்டா, கிரெக். நாங்க எல்லாரும் வேலைக்குப் போயிடுவோம், தெருவுல யாருக்குப் பார்சல் வந்தாலும் அவதான் வாங்கி வைப்பா. வாங்கப் போனா, 'பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போயேன்'னு கெஞ்சுவா. நாங்க வாசல்லயே வாங்கிக்கிட்டு ஓடி வந்துடுவோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவும் வாங்கி வைக்கிறா. நான் வரவழைச்ச செருப்புப் பார்சல் ஆகஸ்ட்லேர்ந்து அங்கதான் கிடக்கு. கதவுல இருக்குற தபால் துளை வழியாப் பார்த்தேன். எடுக்கத் தைரியம் வரல."

"இத்தனை நாள் ஏன் எங்ககிட்ட வாயைத் திறக்கல?"

"என்னன்னு சொல்றது? நீங்களே நொந்துபோய் வந்திருக்கீங்க." சாவியை என் கையில் வைத்தாள். "உக்காரச் சொன்னா உக்காந்துடுங்கப்பா."

சாவியைத் திருப்பியதும் கதவு லேசாகத் திறந்தது. டோனா என் பின்னாலேயே வந்தாள். மின்சாரம் துண்டித்த வீடு. போன் வெளிச்சத்தில் பார்த்தேன். நடையில் சுவரோரமாகப் பார்சல்கள் சீராக அடுக்கியிருந்தன. ஒன்றின் மேலும் தூசி இல்லை. பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் ஈர வாடை அடித்திருக்க வேண்டும். அங்கே ரொட்டி வாட்டிய மணமும், கேஸ் கணப்பின் சூட்டு வாசனையும் அடித்தன.

எங்கள் பார்சல் அந்த அடுக்கில் இல்லை.

கூடத்தில் ஒரு சாமான் இல்லை. நாற்காலிகள் இருந்த இடத்தில் கம்பளத்தில் பள்ளங்கள் மட்டும். நடுவில் எங்கள் அட்டைப்பெட்டி கிடந்தது. ஒட்டியிருந்த நாடாவை ஒழுங்காக வெட்டி, உள்ளே இருந்த காகிதத்தை நாலாக மடித்து வைத்திருந்தார்கள்.

பெட்டி காலி.

டோனா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடியில் பலகை முனகியது.

அங்கிருந்து இங்கே. இங்கிருந்து அங்கே. மெதுவாக, ஒரு காலை லேசாக இழுத்து, திரும்பும் இடத்தில் கொஞ்சம் நின்று. எங்கள் இருவருக்கும் அந்த நடை தெரியும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

"வா, போயிடலாம்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஷ்ஷ்ஷ்..."

அது டோனா இல்லை.

"இப்பத்தான் கண்ணசந்தான், கண்ணு." மாடிப்படியின் இருட்டிலிருந்து வந்தது குரல், பெருமூச்சு அளவுக்குத்தான். "உக்காரேன். பத்து நிமிஷம்."

நான் டோனாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையை உதறிவிட்டு வெறும் கம்பளத்தில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, இருட்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். அவன் பிறந்த அன்று பெய்த பனி, அவன் தும்மினால் அவனே பயந்துகொள்வது, அந்த மதியம், தொட்டில், மடித்த துணிகள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். இத்தனை மாதத்தில் ஒருத்தரும் அவளிடம் கேட்காத எல்லாவற்றையும். என்னிடம்கூட அவள் அவ்வளவு சொன்னதில்லை. கடைசியில் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சொல்லச் சொல்ல அழுதேன்.

"நான்தான் கீழே போட்டேன்," என்று முடித்தாள் டோனா.

மேலே நடை நின்றது. படிகள் ஒவ்வொன்றாக முனகின. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறக்கும் தைரியம் எனக்கு இல்லை. குளிர்ந்த காற்று என் முகத்தைத் தாண்டிப் போனது.

"நான் போடவே இல்ல, கண்ணு," என்றது குரல், மிக அருகில்.

கண்ணைத் திறந்தபோது டோனாவின் மடியில் கரடி இருந்தது. மஞ்சள் பூ வயிறு, இரவு உடையின் காதுகள். தொட்டுப் பார்த்தேன். அந்தக் குளிர் வீட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. அதன் தலையில் ராபினின் தலை வாசனை. துவைத்து, வெட்டி, தைத்து வந்த துணியில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் முகத்தைப் புதைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று கிடந்தேன். டோனாதான் என்னைத் தூக்கி நிறுத்தினாள். வாசலில் நின்று இருட்டுக்கு நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, கெட்டில் ஸ்விட்சைத் தட்டினேன். டோனா சோபாவில் கரடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டு ரொட்டி தின்றாள். முடிந்தது, நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பலகை முனகியது.

அங்கிருந்து இங்கே. இங்கிருந்து அங்கே.

கரடி இங்கே இருக்கிறது. டோனாவின் கைக்குள் இருக்கிறது. அப்படியென்றால் அங்கே அவள் தோளில் யார்?

டோனா பயப்படவில்லை. எழுந்து போய், சுவரில் கன்னத்தை வைத்தாள்.

"மேவிஸம்மா," என்றாள். "நான் வர்ற வரைக்கும் அவனைக் கீழே போட்டுடாதீங்க."

நடை நின்றது.

பிறகு, எங்கள் பிள்ளை தும்மினான்.